உலகம் சுற்றிய படமும் ஊர் தாண்டாத நாங்களும்

உளவாளிப் படத்தைப் பற்றிப் பெண்கள் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். துப்பாக்கி, துரத்தல், மாறுவேஷம், ரகசியக் காகிதம் - இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம். ஆனால் சகோதரிகளே, எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் வந்து, அறுபது வயதைத் தாண்டின எந்த அம்மாளிடமாவது "'உலகம் சுற்றும் வாலிபன்' பார்த்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கதை பாதி மறந்து போயிருக்கும். யார் யாரைச் சுட்டார்கள் என்பது ஞாபகம் இருக்காது. ஆனால் அந்த ஊர்களைச் சொல்வார்கள். ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து! சும்மா சொல்லக்கூடாது, எங்களுக்கு உலகப் படம் போட்டுக் காட்டியது பூகோளப் புத்தகம் அல்ல, அந்த ஒரு படம்தான்.

உளவாளிப் படம் நமக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1962-ல் 'டாக்டர் நோ' என்ற முதல் ஜேம்ஸ்பாண்ட் படம் வந்தது. அந்தக் காற்று இங்கேயும் அடித்தது. 1966-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' எடுத்தது. அதிலிருந்து அவருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அதே வருஷம் தெலுங்கில் கிருஷ்ணாவும் ஜெயலலிதாவும் நடித்த 'கூடாச்சாரி 116' வந்து, அடுத்த வருஷமே இந்தியில் 'ஃபர்ஸ்' ஆயிற்று. 1968-ல் பி.ஆர். பந்துலு எம்.ஜி.ஆரை வைத்து 'ரகசிய போலீஸ் 115' எடுத்தார். இப்படி எண் போட்ட துப்பறிவாளர்கள் வரிசையாக வந்தார்கள்.

அந்த வரிசையில் வந்ததுதான் 'உலகம் சுற்றும் வாலிபன்'. தயாரிப்பும் இயக்கமும் எம்.ஜி.ஆரே. 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்துக்குப் பிறகு அவர் இயக்கிய இரண்டாவது படம். கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்னலின் சக்தியைப் பிடித்து வைக்கிற வழியைக் கண்டுபிடிக்கிறார் விஞ்ஞானி முருகன். அது தப்பான கைக்குப் போனால் உலகத்துக்கே ஆபத்து என்று, குறிப்பை அழித்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறார். உண்மையில் அது வெளிநாடுகளில் நம்பிக்கையானவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. பேராசை பிடித்த இன்னொரு விஞ்ஞானியாக அசோகன். முருகன் காணாமல் போகிறார். உளவுத்துறை அதிகாரியான தம்பி ராஜு தேடிக் கிளம்புகிறான். இரண்டு வேஷமும் எம்.ஜி.ஆர்.தான். நம்பியார், மனோகர், நாகேஷ் எல்லோரும் உண்டு. இசை எம்.எஸ். விசுவநாதன்.

கதை இவ்வளவுதான். என்னைக் கேட்டால், திரையில் நடந்த சாகசத்தைவிட அதை எடுத்து முடித்த சாகசம்தான் பெரிசு. அதில் நமக்குப் பாடமும் இருக்கிறது.

வெளிநாட்டில் படம் எடுப்பது அன்றைக்கு அபூர்வம். இந்தியில் 'சங்கம்' 1964-லேயே ஐரோப்பா போய் வந்துவிட்டது. தமிழில் ஸ்ரீதர் 1969-ல் 'சிவந்த மண்' படத்துக்காகச் சிவாஜியை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். எம்.ஜி.ஆர். கிழக்கே திரும்பினார். அது 1970. அந்த வருஷம் மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை ஜப்பானின் ஒசாகா நகரில் 'எக்ஸ்போ 70' என்ற உலகப் பொருட்காட்சி நடந்தது. ஆசியாவில் அப்படியொரு உலகப் பொருட்காட்சி நடந்தது அதுதான் முதல் தடவை. 77 நாடுகள் கலந்துகொண்டன. ஆறு மாதத்தில் 6 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். நடுவில் 70 மீட்டர் உயரத்தில் சூரிய கோபுரம் என்று ஒன்று, இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டு நிற்கும். தாரோ ஒகமோட்டோ என்ற சிற்பியின் வேலை. இந்தப் பொருட்காட்சிக்குள்தான் நம்ம ஊர்க் காமிரா போயிற்று.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக யோசித்துப் பாருங்கள். பொருட்காட்சி மூடினால் மூடினதுதான். கொட்டகைகளைப் பிரித்துவிடுவார்கள். சென்னைக்குத் திரும்பி வந்து ஃபிலிமைக் கழுவிப் பார்த்து, "அடடா, இந்த ஷாட் சரியில்லையே, இன்னொரு தரம் எடுக்கலாம்" என்று சொல்ல முடியாது. செட்டு போட்டு எடுக்கிற படத்தில் சுவரை மறுபடி கட்டிக்கொள்ளலாம். சூரிய கோபுரத்தை வடபழனியில் கட்ட முடியுமா? அதனால் எந்தப் பாட்டுக்கு எந்த இடம், யாருக்கு என்ன உடை, எந்த வரிக்கு எந்தப் பக்கம் நடப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே மனசில் தயாராக இருந்தாக வேண்டும். கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்துக்குத் தாலிக்கயிறு தேடுகிறவர்கள் இந்த மாதிரி வேலைக்கு லாயக்கில்லை.

பணமும் ஒரு தலைவலி. இன்றைக்குப் பெட்டியும் கார்டும் இருந்தால் கிளம்பிவிடுகிறார்கள். அன்றைக்கு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமை. நம்மிடம் ரூபாய் எத்தனை இருந்தாலும் அதை டாலராக மாற்ற ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதித்த தொகைக்குள் சாப்பாடு, தங்கல், வண்டி வாடகை எல்லாம் அடங்க வேண்டும். ஒரு நாள் மழை பெய்து படப்பிடிப்பு நின்றால், நின்ற நாளுக்கும் சோற்றுச் செலவு உண்டே! முதல் தேதிச் சம்பளத்தை மளிகைக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்து முப்பதாம் தேதி வரைக்கும் இழுக்கிற நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. சினிமாக்காரர்கள் அதைக் 'கன்டினியூட்டி' என்பார்கள். தொடர்ச்சி. வெளிநாட்டுத் தெருவில் கதாநாயகி நடந்து வந்து ஒரு கதவைத் திறப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அறை சென்னை ஸ்டுடியோவில் பல மாதம் கழித்து எடுத்ததாக இருக்கும். நமக்குத் திரையில் ஒரே ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக அதே புடவை, அதே ரவிக்கை, அதே வளையல், அதே பொட்டு, அதே கொண்டை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இடையில் புடவை சாயம் போயிருக்கக்கூடாது. நடிகை இளைத்திருக்கவும் கூடாது, பூசினாற்போல் ஆகியிருக்கவும் கூடாது. எந்த உடை எந்தக் காட்சிக்கு என்று சீட்டு எழுதி, மடித்து, பூச்சி அரிக்காமல் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவர்களின் பெயரை யாரும் பேசுவதில்லை. பட்டுப் புடவையை வருஷக்கணக்கில் பீரோவில் மடிப்பு மாற்றி மாற்றி வைக்கிற நாம் பேசுவோமே!

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் சந்திரகலா, மஞ்சுளா, லதா, தாய்லாந்து நடிகை மேத்தா ரூங்ரத் என்று நாலு பேர். லதாவுக்கு இதுதான் முதல் படம். மஞ்சுளா எம்.ஜி.ஆருக்கு ஜோடியாக நடித்த 'ரிக்‌ஷாக்காரன்' 1971-ல்தான் வெளிவந்தது. ஆக, 1970-ல் கடல் கடந்து வேலைக்குப் போனபோது இருவருமே புதுசு, சின்னப் பெண்கள். கூலி வேலையோ ஆபீஸ் வேலையோ பார்க்கிற பெண்ணே பக்கத்து ஊருக்குத் தனியாகப் போக நூறு கேள்வி கேட்ட காலம் அது. சினிமாவுக்கு, அதுவும் கடல் தாண்டி என்றால் வீட்டிலும் வெளியிலும் என்னென்ன பேசியிருப்பார்கள்! மொழி தெரியாத ஊரில் ஜனக்கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு, பயமும் களைப்பும் முகத்தில் தெரியாமல் சிரித்து ஆடினார்களே, அது லேசான காரியமா? அழகாக இருந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். வேலை செய்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

எடுத்த படம் உடனே வெளிவரவும் இல்லை. மூன்று வருஷம் போயிற்று. இதற்குள் நாட்டு நிலவரமே மாறிவிட்டது. படப்பிடிப்பு நடந்தபோது எம்.ஜி.ஆர். ஆளுங்கட்சியான தி.மு.க.வின் பொருளாளர். 1972 அக்டோபரில் அங்கிருந்து விலக்கப்பட்டு, அந்த மாதம் 17-ம் தேதி அ.தி.மு.க.வைத் தொடங்கினார். இனி இந்தப் படம் வெளிவருமா என்பதே ஊரெல்லாம் பேச்சாயிற்று. கடைசியில் 1973 மே 11-ம் தேதி வெளிவந்தது. அதற்கு ஒன்பது நாள் கழித்து, மே 20-ல், திண்டுக்கல் இடைத்தேர்தலில் புதுக்கட்சி வேட்பாளர் மாயத்தேவர் ஜெயித்தார். கொட்டகை வாசலிலும் ஓட்டுச்சாவடியிலும் ஒரே கூட்டம்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

"இந்தப் படம் வெளிவந்தால் நான் புடவை கட்டிக்கொள்கிறேன்" என்று அப்போது ஓர் அரசியல் பிரமுகர் சவால் விட்டதாகவும், படம் வந்ததும் ரசிகர்கள் அவருக்குப் புடவையாக அனுப்பி வைத்ததாகவும் ஒரு கதை இன்றைக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. தோற்றுப் போனால் புடவை கட்டுவதாம்! புடவை கட்டினவர்கள் என்ன தோற்றவர்களா? அந்தப் படம் ஓடினது யாரால்? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கின புடவைக்காரிகளாலும்தானே!

நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். கொட்டகையில் பெண்கள் பக்கம் தனி. புர்கா போட்ட அம்மாக்கள், பூ வைத்த அம்மாக்கள், மடியில் தூங்குகிற பிள்ளைகள், முறுக்கு, வேர்க்கடலை. உருதும் தமிழும் கலந்து ஒரே சத்தம். ஜப்பான் பொருட்காட்சி திரையில் வந்ததும் அந்தச் சத்தம் அடங்கிற்று. "யம்மா, இன்னா ஊரும்மா இது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

அந்தக் குரலை நான் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். ஏனென்றால் எங்கள் ஊர்ச் சரக்கு அதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போகும். தோல் கப்பலேறும்; அதை உரசிக் காயப்போட்டவர்கள் மாதனூர் தாண்டியிருக்க மாட்டார்கள்.

இந்தப் படம் வந்த சமயத்தில்தான் அந்தத் தொழிலும் திசை மாறிற்று. பச்சைத் தோலையும் பாதி பதப்படுத்திய தோலையும் அப்படியே அனுப்பாமல், உள்ளூரிலேயே முழுசாக முடித்து ஷூவாகவும் செருப்பாகவும் ஆக்கி அனுப்பினால் நாட்டுக்கு வருமானம் கூடும், வேலையும் பெருகும் என்று சீதாராமையா குழு சொன்னது. 1973-ஐ ஒட்டி மத்திய அரசு அதற்கேற்பக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் டேனரிகளோடு ஷூ கம்பெனிகளும் எங்கள் பக்கம் பெருகின. அதில் மிஷின் முன்னால் உட்கார்ந்து 'அப்பர்' தைக்க, ஒட்ட, ஓரம் மடிக்கப் பெண்கள் வந்தார்கள். இன்றைக்கும் காலை ஏழு மணிக்கு நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள், கம்பெனி பஸ் முழுக்கப் பெண்கள்தான். அவர்கள் தைத்த ஷூ ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் நடக்கிறது. தைத்தவர்கள் நடப்பது வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும்.

உளவாளிப் படங்களும் பெண்களை அப்படித்தான் நடத்தின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கதாநாயகன் ஊர் ஊராகப் போவான். பெண் என்றால் அவனைக் காதலிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்காகச் சாக வேண்டும். 1986-ல் சுஜாதா எழுத்தில் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' வந்தது. ராக்கெட், கம்ப்யூட்டர் என்று புதுமையாக எல்லாம் இருந்தது. ஆனால் அதிலும் அம்பிகா நடித்த மனைவி ஆரம்பத்திலேயே குண்டடிபட்டுப் போய்விடுகிறாள். ஒரே ஆறுதல், லிஸி நடித்த பெண் கம்ப்யூட்டர் தெரிந்தவளாக, வேலை நிமித்தமாகவே வெளிநாடு போகிறாள். காதலியாக அல்லாமல் காரியமாகப் போகிற பெண்ணைக் காட்ட, உளவாளிப் படத்துக்கு இருபது வருஷம் ஆயிற்று!

இதையெல்லாம் இப்போது நான் கிளற ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண். ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. இரண்டு வாரப் பயிற்சிக்கு இத்தாலிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா அம்மா சரியென்றுவிட்டார்கள். ஆயாதான் ஒரே பிடியாக 'வேணாம்' என்றுவிட்டார். அந்த ஆயாவே இருபத்தைந்து வருஷம் அப்பர் தைத்தவர். என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"ஏன்க்கா, நாமெல்லாம் வாயைப் பொளந்துகிட்டு ஜப்பானைப் பாத்தோமே, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி இவ நேர்ல பாத்துட்டு வரட்டுமே" என்றேன்.

"அது எம்.ஜி.ஆரு. அந்தப் பொண்ணுங்களுக்கு அவரு கூட இருந்தாரு. இவளுக்கு யாரு கீறாங்க?" என்றார் ஆயா.

சுருக்கென்று இருந்தது. நியாயமான கேள்வி. சினிமாவில் ஆபத்து வந்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கதாநாயகன் குதிப்பான். நம் பெண்களுக்கு யார் குதிப்பார்கள்? அதனால் "பயப்படாதீங்க" என்று வாய்ப்பந்தல் போடாமல், படம் எடுத்தவர்கள் போட்ட மாதிரி ஒரு திட்டம் போட்டோம். கூட யார் போகிறார்கள்? அதே பிரிவில் வேலை செய்கிற இரண்டு பெண்கள். எங்கே தங்கல்? விலாசம், தொலைபேசி எண் எழுதி வாங்கினோம். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல், ஒன்று வீட்டில். பணம் ஒரே பையில் இல்லை, மூன்று இடத்தில். தினமும் ராத்திரி நம்ம கணக்குக்கு இத்தனை மணிக்கு முகம் பார்த்துப் பேச வேண்டும்.

உடம்பு விஷயத்தையும் விடவில்லை. வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி வந்து சேராவிட்டால் திண்டாட்டம். மாதவிலக்குத் துணிகளோ நாப்கினோ தேவைக்கு மேல் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். விமானத்தில் மணிக்கணக்காக ஒரே இடத்தில் உட்காரக்கூடாது. அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாத்ரூம் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற நம் வழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். காலுக்குப் பழகின ஷூ வேண்டும். ஷூ தைக்கிற ஊர்ப் பெண் புதுச் செருப்பு கடித்துக் கொப்புளத்தோடு நின்றால் நமக்கல்லவா வெட்கம்!

எழுதி முடித்தபோது ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஊர்ல சோறு கிடைக்குமா?" என்றார். சம்மதம் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. இப்போது வீட்டில் பருப்புப்பொடி அரைபடுகிறது.

'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தின் முடிவில், அடுத்து 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று அறிவிப்பு வரும். அந்தப் படம் கடைசி வரைக்கும் வரவில்லை. எம்.ஜி.ஆர். 1977-ல் முதலமைச்சராகிவிட்டார், ராஜு ஊரோடு நின்றுவிட்டான். பரவாயில்லை. மிச்ச ஊர்களை எங்கள் பெண்கள் பார்த்துவிட்டு வரட்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பெண் கிளம்பக் காத்திருக்கிறாளா? 'வேணாம்' என்பதற்கு முன்னால் ஒரு முழுத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவளோடு உட்காருங்கள். எங்கள் தெருப் பெண் திரும்பி வந்ததும் என்ன பார்த்தாள், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டு எழுதுகிறேன்.